ரேஸ் சைக்கிள் கேள்வி–பதில்: கியரைக் கழற்றுவதா, பழையபடி ஓட வைப்பதா?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்துதான். வீட்டில் கிடக்கும் வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளை என்ன செய்வது என்பதே பெரும்பாலோர் கவலை. ஃபிக்ஸ்டு கியர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பல்சக்கரம், கிடையாது. பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், இறக்கத்தில்கூடக் காலை நிறுத்த முடியாது. பெடலைப் பின்னோக்கி எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும்.

கே: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ராலே 10 ஸ்பீடு சைக்கிள் இரண்டாங்கட்டில் இருபது வருஷமாக நிற்கிறது. பெயின்ட் அங்கங்கே பொரிந்திருக்கிறது. கியர் மாற்றும் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டுவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. மகன் ஃபிக்ஸ்டு கியராக மாற்றித் தரச் சொல்கிறான். அப்பச்சி தொடவே கூடாது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், காரைக்குடி

ப: அப்பச்சி சொல்வதுதான் சரி. ஃப்ரேம், சக்கரம், கிராங்க் (பெடல் மாட்டும் கை), பிரேக் எல்லாம் தொழிற்சாலையில் சேர்ந்தபடியே நிற்கிற வண்டி இன்றைக்குக் கிடைப்பது அருமை. ஃபிக்ஸ்டு ஆக்கினால் அதில் பாதி வேண்டாத பாகமாகிவிடும். வேண்டாத பாகம் சாக்குக்குள் போகும், சாக்கு ஒருநாள் எடைக்குப் போகும். அதன்பிறகு பேரனே ஆசைப்பட்டாலும் திரும்பி வராது.

அந்த விரிசலுக்காக வண்டியையே மாற்ற வேண்டியதில்லை. 1970-களின் 10 ஸ்பீடு வண்டிகளில் வந்த சிம்ப்ளெக்ஸ் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் பாகம்) பலவற்றின் உடம்பு டெல்ரின் என்கிற பிளாஸ்டிக். வயதானால் போல்ட் இறுக்கும் இடத்தில் பிளக்கும், இது அதற்குப் பிறவிக் குறை. உங்கள் லிவரில் 'கிளிக்' கிடையாது என்பதால் உலோக உடம்புள்ள பழைய 5, 6 ஸ்பீடு டீரெய்லர் எதுவும் இசைந்து போகும். ஃப்ரேமில் டீரெய்லரை மாட்ட மரை போட்ட காது இல்லையென்றால் அச்சோடு சேர்த்து மாட்டும் கொக்கித் தகடு உள்ளதாக வாங்குங்கள். காதைத் துளைத்து மரை போட விடாதீர்கள். விரிசல் விட்டதைத் துடைத்து ஒரு டப்பாவில் வையுங்கள்.

பிரிக்குமுன் இரண்டு பக்கமும், கேபிள் போகும் வழியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பின் அச்சு நுழையும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் டியூபை (ஹேண்டிலுக்குக் கீழுள்ள முன்குழாய்) சுற்றி, மறுபக்கப் பிளவில் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் (சீட்டுக்குக் கீழுள்ள குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பின்பாகம் கோணியிருக்கிறது. அடுத்து டவுன் டியூபின் (முன்குழாயிலிருந்து கிராங்குக்கு இறங்கும் குழாய்) அடிப்பக்கத்தில், அது முன்குழாயோடு சேரும் ஹெட் லக்குக்கு ஓர் அங்குலம் பின்னால் கட்டைவிரலை ஓட்டுங்கள். சின்ன மடிப்பு தட்டுப்பட்டால் வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. அப்படியானால் அதைக் கண்காட்சிக்கு வைக்கலாம், ஓட்டக்கூடாது.

இந்த வேலையில் அதிகம் கெடுவது கிராங்க்தான். அந்தக் காலத்து ராலேயில் கிராங்கை அச்சோடு பிடிப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. சுத்தியலால் நேரே அடித்தால் முனை பூப்போல விரிந்து உள்ளேயே இறுகிவிடும். அடியின் அதிர்ச்சி உள்ளிருக்கும் குண்டுகள் வழியாக, அவை உருளும் கப்பில் குழி போடும், பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் கரகரப்பு போகாது. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். மறுநாள் நட்டை முழுக்கக் கழற்றாமல், நட்டின் முகமும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு திருப்பி வையுங்கள். பின்னின் தலைப்பக்கம் உட்காரும் அளவுக்கு ஒரு குட்டி இரும்புக் குழாய்த் துண்டு வைத்து, பெரிய ஜி-கிளாம்ப்பால் இரண்டையும் சேர்த்து நெருக்குங்கள். இறுகி நிற்கும்போது கிளாம்ப்பின் மீது ஒரு தட்டு. 'டக்' என்று சத்தம் கேட்கும், பின் இறங்கிவிடும். அடிப்பதைத் தவிர வழியில்லை என்றால் கிராங்குக்கு அடியில் தரைவரை ஒரு கனமான குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். புதுப் பின் வாங்க வெர்னியரோடு போங்கள். ராலேக்கு 9.5 மி.மீ., பிரெஞ்சு வண்டிக்கு 9 மி.மீ. பின்னை ஒரு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. புதுப் பின் போட்ட முதல் 30 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

கிராங்க் அச்சுக் கப்பில் ராலேயிடம் ஒரு தனிப் பழக்கம் உண்டு. மற்ற ஆங்கில வண்டிகளில் மரை அங்குலத்துக்கு 24, நாட்டிங்ஹாம் தொழிற்சாலை ராலே பலவற்றில் 26. ஹேண்டில் கப்பிலும் அப்படியே. கடையில் 'சைஸ் ஒன்றுதான்' என்று கொடுக்கும் கப்பை முறுக்கி ஏற்றினால் ஃப்ரேமின் மரை போய்விடும். மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வலப்பக்கக் கப் இடது மரை, கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். உள்முகம் வழவழப்பாக இருந்தால் கழற்றவே வேண்டாம், அங்கேயே துடைத்து கிரீஸ் வையுங்கள். குண்டுகள் மட்டும் புதிது. கிராங்குக்குக் கால் அங்குலத்தில் பக்கத்துக்கு 11, பின் ஹப்புக்கு அதே கால் அங்குலத்தில் பக்கத்துக்கு 9. பழைய குண்டையும் புதியதையும் கலக்கக்கூடாது.

டயர் பெரும்பாலும் 27 × 1¼ ஆக இருக்கும். அதன் ரிம் 630 மி.மீ., இப்போது எங்கும் கிடைக்கும் 700சி 622 மி.மீ. ஒன்று மற்றதில் ஏறாது. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 630 என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கட்டையும் கேபிளும் கண்டிப்பாகப் புதிது. இருபது வருஷ ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும், பிடிக்காது.

பெயின்ட்டைப் பொறுத்தவரை தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. பிறகு மெழுகு பாலிஷ். பொன்னிறக் கோடுகள் மேல் ரப்பிங் காம்பவுண்டு படவே கூடாது, இரண்டு தேய்ப்பில் கோடு துணியோடு வந்துவிடும். பொரிந்த இடத்தை மட்டும் நைசான உப்புத்தாளால் துடைத்து, துருதடுப்பு பிரைமரும் ஒத்த நிறமும் தூரிகையால் வையுங்கள்.

மகனுக்கும் வழி இருக்கிறது. 5 பல்சக்கர ஃப்ரீவீல் போட்ட வண்டிகளில் பின்பக்க இடைவெளி 120 மி.மீ. ஃபிக்ஸ்டு ஹப்பின் அளவும் அதுவே. தனியாக ஒரு ஃபிக்ஸ்டு பின்சக்கரமும் ஒரு செயினும் வாங்கிக் கொடுங்கள். டீரெய்லர்களைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங்கின் உள்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் செயினை ஓட்டட்டும். எதையும் அறுக்கவில்லை, பத்தவைக்கவில்லை. ஆசை தீர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஐயாவின் வண்டி திரும்பி வந்துவிடும்.

கே: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ரேஸ் ஃப்ரேமும் ஃபோர்க்கும் மட்டும் வாங்கினேன். மேலே யாரோ நீல எனாமல் அடித்திருக்கிறார்கள், பேர் தெரியவில்லை. இதை ஃபிக்ஸ்டு ஆக்க என்னென்ன வேண்டும்?
— வாசகர், தேவகோட்டை

ப: தாராளமாக மாற்றுங்கள். பாகங்களும் இல்லை, பழைய பெயின்ட்டும் இல்லை. இதைப் பழையபடி கொண்டுவர உதிரி தேடியே வருஷங்கள் போய்விடும்.

முதலில் பின் அச்சுப் பிளவைப் பாருங்கள். கிடைமட்டமாகவோ முன்பக்கம் சாய்ந்தோ நீளமாக இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். நேர் செங்குத்தாக மேலே போகும் பிளவு என்றால் சாதாரண ஹப்பை வைத்து ஃபிக்ஸ்டு ஆக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் வைத்த செயின் டென்ஷனர் ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீலுக்குத்தான் ஆகும். ஃபிக்ஸ்டில் பின்னோக்கி அழுத்தும்போது கீழ்ச்செயின் விறைத்து அதைப் பிய்த்தெறியும்.

பிளவுகளின் உள்முகங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 120 என்றால் நேராகப் பொருந்தும். 126 என்றால் பின்கவையை நெருக்காமல், அச்சில் பக்கத்துக்கு 3 மி.மீ. ஸ்பேசர் போடுவதே நல்லது. நட்டின் மரை முழுவதும் அச்சில் ஏற வேண்டும், அச்சு குட்டையாக இருந்தால் நீளமானது மாற்றுங்கள். சீட் போஸ்ட் உட்காரும் துளையையும் அளந்து வையுங்கள். 27.2 மி.மீ. என்றால் மெல்லிய நல்ல குழாயாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெனால்ட்ஸ் 531 குழாயில் செய்த ஃப்ரேம்களில் சாதாரணமாக வரும் அளவு அது. எனாமலுக்கு அடியில் ஒட்டுப்படம் தெரிகிறதா என்று சீட் டியூபில் ஒரு விரல் அகலம் மட்டும் மெதுவாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வாங்க வேண்டியவை: 36 துளை ஃபிக்ஸ்டு ஹப், 700சி ரிம் இரண்டு, முன் ஹப், பின்பல் (பின்பக்கப் பல்சக்கரம்), அது கழலாமல் பூட்டும் லாக்ரிங், 165 மி.மீ. கிராங்க், அதற்கேற்ற அச்சு, செயின், முன்பின் பிரேக், டோ கிளிப் (கால்முனையைப் பிடிக்கும் கூடு) வைத்த பெடல். கிராங்கில் 165 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரோடு ஃப்ரேமில் கிராங்க் அச்சு தாழ்வாக இருக்கும். வளைவில் சாயும்போது சாதாரண வண்டியில் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொள்வோம். ஃபிக்ஸ்டில் அது முடியாது, நீளக் கிராங்க் தரையில் இடிக்கும். பின்பல், செயின்ரிங் (கிராங்கின் பல்சக்கரம்), செயின் மூன்றும் ஒரே அகலமாக, 1/8 அல்லது 3/32 அங்குலத்தில், வாங்குங்கள்.

பல் கணக்கு: முன்னால் 44, பின்னால் 17. 28 மி.மீ. டயரில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5½ மீட்டர் போகும், நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26 கிலோமீட்டர். நம் பக்கத்துச் சமநிலத்துக்கு அது தாராளம். ஆடிக்காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் பின்பல்லை 18 ஆக்கினால் முழங்கால் தப்பிக்கும். 48-க்கு 16 மட்டும் போடாதீர்கள். சரியாக மூன்று மடங்கு என்பதால் ஒவ்வொரு முறை காலால் சறுக்கி நிறுத்தும்போதும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும், அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் தெரிந்துவிடும். 44-க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களில் பிரிந்துவிடும்.

செயின் நேர்க்கோட்டில் ஓடுவதுதான் ஃபிக்ஸ்டின் உயிர். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் பல்லின் நடுவரை 42 மி.மீ. சாதாரண 28.6 மி.மீ. சீட் டியூப் என்றால் குழாயின் வெளிமுகத்திலிருந்து ஏறத்தாழ 28 மி.மீ. பின்னால், 120 மி.மீ. ஃப்ரேமில், வலது பிளவின் உள்முகத்திலிருந்து பின்பல்லின் நடுவுக்கு 18 மி.மீ. முன்னும் பின்னும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் செயின் உறுமும், ஒருநாள் விழும். அப்படியானால் கிராங்க் அச்சின் நீளத்தை மாற்றுங்கள். 6 மி.மீ. நீளமான அச்சு செயின்ரிங்கை 3 மி.மீ. வெளியே தள்ளும்.

பின்பல்லின் மரையில் கிரீஸ் தடவி, செயின் விப்பால் (செயின் துண்டு வைத்த நெம்புகோல்) முழு பலத்தோடு இறுக்குங்கள். அதன்மேல் லாக்ரிங், அது இடது மரை. பின் ஒரு கிலோமீட்டர் எழுந்து நின்று மிதித்து ஓட்டினால் பல் இன்னும் கொஞ்சம் உட்காரும். அப்போது பின்னோக்கி அழுத்தாமல் பிரேக் பிடித்து நிறுத்தி, லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். இதை மறப்பவர்களின் ஹப் மரைதான் முதல் மாதத்திலேயே வழித்துக்கொண்டு போகிறது.

செயினின் தொய்வு நடுவில் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. செயின்ரிங் எதுவும் முழு வட்டமாக இருக்காது, கிராங்கை ஒரு முழுச்சுற்று சுற்றி, மிக இறுகும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். குவிக் ரிலீஸ் வேண்டாம், 15 மி.மீ. நட்டு போடுங்கள், அந்த ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கட்டும். சீமைக்கருவேல முள் நிறைந்த சாலையில் அது இல்லாமல் போனால் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே முடியாது.

ஃப்ரேமில் உள்ள கேபிள் கண்ணி, டீரெய்லர் காது எதையும் ராவி எடுக்க வேண்டாம். அவை யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கே: ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் அதுவே ஃபிக்ஸ்டு கியர்தான், தனி ஹப் எதற்கு என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன். செய்யலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

ப: செய்யவே கூடாது. வெல்டிங் பிடித்தாலும் ஃப்ரீவீல் ஹப்பில் நிற்பது வலது மரையில். முன்னோக்கி மிதித்தால் இறுகும், பின்னோக்கி அழுத்தினால் கழலும். ஃபிக்ஸ்டு ஹப்பில் அதைத் தடுப்பது இடது மரை லாக்ரிங். பல் கழலப் பார்த்தால் அது லாக்ரிங்கையும் அதே திசையில் தள்ளும், இடது மரை என்பதால் லாக்ரிங் இன்னும் இறுகிக்கொள்ளும். ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாவது மரைப்படியே கிடையாது. மரையில் பசை போட்டு, மேலே கிராங்க் கப் லாக்ரிங்கை ஏற்றுவதும் இதே கதைதான். இரண்டும் ஒரே மரை, சேர்ந்தே கழலும். அவசரமாக நிறுத்த நீங்கள் முழுபலத்தோடு பின்னோக்கி அழுத்தும் நொடியில்தான் அது கழலும். கால் வெறுமனே சுற்றும், செயின் விழுந்து பின்சக்கரத்தைப் பூட்டவும் கூடும். அண்ணனிடம் ஒரு ஃபிக்ஸ்டு ஹப்பைக் கையில் கொடுத்து இரண்டு மரையையும் காட்டுங்கள், அவருக்கே புரியும்.

கே: அலுமினிய சீட் போஸ்ட் ஃப்ரேமுக்குள் அசையாமல் இறுகிவிட்டது. கொல்லன் பட்டறையில் காய்ச்சி எடுக்கலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

ப: காய்ச்ச வேண்டாம். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், இன்னும் இறுகும். பெயின்ட்டும் கருகும்.

அலுமினியம், இரும்பு, நடுவில் வேர்வை உப்பு: மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி. அதில் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகிப் பருத்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. (இப்படிப்பட்ட அரிமானத்தை ஆராயும் சிக்ரி நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்தில் 1948-இல் அடிக்கல் நட்டு, உங்கள் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது.)

சீட் போல்ட்டை முழுக்கக் கழற்றுங்கள். ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைச் சீட் டியூபுக்குள் விடுங்கள். மூன்று நாள், தினமும் இரண்டு முறை. பிறகு போஸ்ட்டின் தலையை வைஸில் கடிக்கவிட்டு, ஃப்ரேமையே நெம்புகோலாகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். இழுப்பதைவிடத் திருப்புவதுதான் பிடியை உடைக்கும். கொஞ்சம் அசைந்ததும் பேராசையில் ஒரே பக்கம் திருகாமல், முன்னும் பின்னுமாக ஆட்டி எண்ணெய் விட்டுக்கொண்டே வாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், போஸ்ட்டை மேலே அறுத்துவிட்டு, உள்ளே ஹேக்ஸா பிளேடை விட்டு நீளவாட்டில் ஒரு கோடு அறுத்து, சுருட்டி எடுக்க வேண்டும். பிளேடு ஃப்ரேமைத் தொடாமல் இருக்க அடிக்கடி டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் போஸ்ட்டை கிரீஸ் தடவிப் போட்டு, வருஷம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள்.

கே: குரோம் முலாம் பூசிய பாகங்களில் துரு. ஆசிட் ஊற்றலாமா?
— வாசகி, கோட்டையூர்

ப: கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது முலாமுக்கு அடியில் புகுந்து இரும்பைத் தின்னும். புள்ளிப் புள்ளியான துருவுக்கு, அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். கருப்பாக மாவு வரும், துடைத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். கனத்த துரு என்றால் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், ஓர் இரவு ஊறல். அலுமினியப் பாகத்தை அதில் போடாதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்துங்கள். இது விஷம். கையுறை வேண்டும், சமையல் பாத்திரத்தில் கரைக்கக்கூடாது, குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கே: ஃபிக்ஸ்டு வண்டிக்குப் பிரேக் தேவையா? வேட்டியோடு ஓட்டலாமா?
— வாசகர், புதுவயல்

ப: முன் பிரேக் கட்டாயம் வேண்டும். செயின் அறுந்தாலோ விழுந்தாலோ காலால் நிறுத்தும் வழியே போய்விடும். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

வேட்டி, பாவாடை, தொங்கும் துப்பட்டா எதுவும் கூடாது. சாதாரண வண்டியில் துணி செயினில் சிக்கினால் மிதிப்பதை நிறுத்தலாம். ஃபிக்ஸ்டில் வண்டி ஓடும் வேகமே துணியை உள்ளே இழுக்கும். வலது காலில் பேன்ட்டையும் பட்டை போட்டுக் கட்டுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, ஓடும் செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஃபிக்ஸ்டில் துணி பல்லில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும், சுற்றும் சக்கரம் நிற்காது. சக்கரம் நின்றபிறகு துடையுங்கள், கையை எடுத்துவிட்டு நான்கு விரல்கடை நகர்த்துங்கள், மறுபடி நின்றபிறகு துடையுங்கள்.

கே: எங்களிடம் இருப்பது கம்பி பிரேக் வைத்த பழைய ஹெர்குலிஸ். அதையும் மாற்றலாமா?
— வாசகர், திருப்பத்தூர்

ப: அதை அப்படியே ஓட வையுங்கள். கனமான வண்டி, தாழ்ந்து சாய்ந்த அமைப்பு, கம்பி பிரேக் ரிம்மின் உள்முகத்தைப் பிடிப்பதால் ரிம்மையும் மாற்ற முடியாது. ஃபிக்ஸ்டுக்கு எதுவும் பொருந்தாது. ஆனால் உங்கள் வண்டிக்குக் குண்டு முதல் காட்டர் பின் வரை இன்றும் சைக்கிள் கடையிலேயே உதிரி கிடைக்கிறது. ஹெர்குலிஸை இங்கே செய்த டி.ஐ. சைக்கிள்ஸை 1949-இல் தொடங்கியது பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் என்பதால், அது ஒருவகையில் உங்கள் பக்கத்து வண்டியும்கூட. டயர் 28 × 1½, அதாவது 635 மி.மீ. பிரேக் கம்பி இணையும் முளைகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கட்டைகளைப் புதிதாகப் போட்டு, பிடிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒன்று முந்தினால் ஃபோர்க்கில் கம்பியை வழிநடத்தும் கிளிப்பைத் தளர்த்தி, நேராக்கி, மறுபடி இறுக்குங்கள்.